பாதியில் நின்ற மாத்திரை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை சேலத்திலேயே கிடைப்பது, முழங்கால் வலியோடு ஏற்காட்டுச் சரிவுகளில் ஏறி இறங்கும் எங்களைப் போன்ற முதியவர்களுக்குப் பெரிய வரம். ஆனால் அந்தச் சிகிச்சைக்குப் பிறகு காலின் ஆழ்சிரைகளில் ரத்தம் உறையக்கூடும் என்பதையும், அதைத் தடுக்கும் மருந்தை எத்தனை நாள் விடாமல் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையும், வீட்டுக்கு அனுப்பும்போதே தமிழில் எழுதிக் கொடுத்து, வாயாலும் சொல்லி அனுப்ப வேண்டும் என்று மருத்துவமனைகளைக் கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

சேலத்தில் ஒரு மருத்துவமனையில் என் மனைவிக்கு வலது முழங்கால் மூட்டு மாற்றப்பட்டது. அறுவை சிகிச்சையில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. மறுநாளே வாக்கரைப் பிடித்து நடக்க வைத்தார்கள். நான்காம் நாள் வீடு திரும்பினோம். மருந்துப் பையில் வலி மாத்திரை, வயிற்று எரிச்சலுக்கான மாத்திரை, சத்து மாத்திரை ஆகியவற்றோடு ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரையும் 5 இருந்தன. அவை தீர்ந்ததும், அதோடு முடிந்தது என்று நினைத்துவிட்டோம். டிஸ்சார்ஜ் தாளில் அந்த மாத்திரையின் பெயருக்கு எதிரே, ஆங்கிலச் சுருக்கங்களுக்கு நடுவில், 14 நாள் என்று இருந்ததை நான் பிறகுதான் பார்த்தேன். நலம் விசாரிக்க வந்த உறவினர்களோ, 'ஆபரேஷன் பண்ணின உடம்பு, அசையாம படுத்திரும்மா' என்று அன்போடு சொல்லிவிட்டுப் போனார்கள். அவளும் அப்படியே படுத்திருந்தாள்.

பதினாறாம் நாள் காலையில் கெண்டைக்கால் வீங்கி, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு, தொட்டால் சுட்டது. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் காரில் இறங்கிச் சேலம் வந்து சேர்ந்தோம். ஓடும் ரத்தத்தில் பட்டுத் திரும்பும் ஒலி அலைகளைக் கொண்டு ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்த மருத்துவர் கருவியைத் தொடையின் உட்புறத்திலிருந்து முழங்காலின் பின்புறம் வரை அழுத்தி அழுத்திக் கொண்டுவந்தார். ரத்தம் ஓடும் சிரை அழுத்தினால் தட்டையாகும், கையை எடுத்தால் விரியும். முழங்காலுக்குப் பின்னால் ஓரிடத்தில் மட்டும், எவ்வளவு அழுத்தியும் திரையில் தெரிந்த அந்தக் கருவட்டம் மூடவே இல்லை. ரத்தக்கட்டி அங்கேதான் இருந்தது. அது உடைந்து நுரையீரலுக்குப் போயிருந்தால் உயிருக்கே ஆபத்து. மூன்று மாதம் மருந்து சாப்பிட்டு இப்போது நலமாக இருக்கிறாள்.

30 ஆண்டுகள் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவன் நான். அந்த ஸ்கேனின் பெயருக்குக் காரணமான கிறிஸ்டியன் டாப்ளர் 1842இல் பிராகு நகரில் எழுதிய கட்டுரை இரட்டை விண்மீன்களின் நிறத்தைப் பற்றியது. அந்த நிறங்களுக்கு அவர் சொன்ன காரணம் சரியல்ல. ஆனால் நகரும் மூலத்திலிருந்து வரும் அலையின் அதிர்வெண் மாறும் என்ற அவருடைய கோட்பாடு நின்றுவிட்டது. 1845இல் நெதர்லாந்தில் ரயிலில் எக்காளம் வாசிப்பவர்களை ஏற்றிச் சென்று அதைச் சோதித்தும் பார்த்தார்கள். கோட்பாட்டு இயற்பியலால் சாமானியனுக்கு என்ன பயன் என்று மாணவர்கள் கேட்டபோதெல்லாம் ஏதேதோ சொல்லியிருக்கிறேன். அதற்கான விடையை என் மனைவியின் காலில் கண்டேன். விண்மீனை நினைத்து எழுதிய சமன்பாடு சேலத்து ஸ்கேன் அறை வரை வந்து சேர்ந்திருக்கிறது. நோயாளியிடம் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம் மட்டும் வந்து சேரவில்லை என்பதே என் ஆதங்கம்.

ரத்தம் ஏன் உறைகிறது என்பது ஜெர்மானிய மருத்துவர் விர்ச்சோவின் காலத்திலிருந்து, அதாவது 19ஆம் நூற்றாண்டிலிருந்தே தெரிந்ததுதான். ஓட்டம் மந்தமாவது, குழாயின் உட்சுவர் காயப்படுவது, ரத்தமே உறையும் தன்மை மிகுந்துபோவது ஆகிய மூன்றும் மூட்டு மாற்றத்தின்போது ஒன்றுகூடிவிடுகின்றன. கெண்டைக்கால் தசை சுருங்கும்போதுதான் காலின் ரத்தம் புவியீர்ப்பை எதிர்த்து மேலே ஏறுகிறது. அசையாமல் படுத்திருந்தால் அந்த இறைப்பு நின்றுவிடும். கணுக்காலை மேலும் கீழும் அசைக்கச் சொல்வதும், சீக்கிரம் நடக்க வைப்பதும் இதற்காகத்தான்.

எந்த மருந்து என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். முதல் 5 நாள் ரிவரோக்சபான் என்ற ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் பிறகு ஆஸ்பிரினுக்கு மாறினாலும் போதும் என்று 2018இல் வெளியான கனடா ஆய்வு காட்டியது. ஆஸ்பிரின் மட்டும் கொடுப்பது, ரத்தம் உறைவதைத் தடுக்கும் எனாக்ஸாபரின் ஊசிக்கு ஈடாகவில்லை என்று 2022இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு சொன்னது. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் எதைக் கொடுத்தாலும் பொதுவாக முழங்காலுக்கு இரண்டு வாரமும் இடுப்பு மூட்டுக்கு ஐந்து வாரம் வரையிலும் தடுப்பு தேவைப்படும்போது, நோயாளியை நான்கைந்து நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்றால், மருந்தின் பெரும்பகுதி வீட்டில், மருத்துவம் அறியாத எங்களைப் போன்றவர்களின் பொறுப்பில்தான் நடக்கிறது. அந்தப் பொறுப்பு எங்களுடையது என்பதையாவது எங்களிடம் சொல்ல வேண்டாமா?

ஒரே ஒரு தாள் போதும். எந்தத் தேதி வரை மாத்திரை, கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே எங்கே வர வேண்டும் என்பதோடு, இந்த மருந்தால் ரத்தக்கசிவும் நேரலாம் என்பதால் மலம் கறுத்துப் போனாலோ காயத்தில் ரத்தம் நிற்காமல் கசிந்தாலோ என்ன செய்ய வேண்டும் என்பதும், மருத்துவரைக் கேட்காமல் வேறு வலி மாத்திரை சேர்க்கக் கூடாது என்பதும் அதில் பெரிய எழுத்தில் இருக்கட்டும். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்து இயன்முறை சிகிச்சை அளிப்பவர்கள், சேர்வராயன் மலைக் கிராமங்களில் மூட்டு மாற்றிக்கொண்டவர்கள் வீட்டுக்குச் செல்லும்போது, கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்து, 'மாத்திரை இன்னும் எத்தனை மிச்சம் இருக்கு?' என்று கேட்பதற்கும் சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர் ஒருவர்,
ஏற்காடு.