நலிவு வேறு, வீழ்ச்சி வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பங்குச்சந்தை ஒரே நாளில் இறங்கினால் 'வீழ்ச்சி' என்று எழுதுகிறோம், சரிதான். தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்துவரும் கைத்தொழிலுக்கும் அதே தலைப்பைக் கொடுப்பதுதான் உறுத்துகிறது. அதற்கென்றே 'நலிவு' என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது.

விழுவதற்கு ஒரு கணம் போதும். நலிவு நாள்பட வருவது. களைப்பும் மெலிவும் கலந்தது. 'நோயில் கிடந்து நலிந்தார்' என்போம், 'தடுக்கி நலிந்தார்' என்று யாரும் சொல்வதில்லை.

இச்சொல்லின் பழைய ஆட்சி இன்னும் ஆழமானது. 'எய்ப்பு என்னை வந்து நலியும்போது' என்று பாடுகிறார் பெரியாழ்வார். எய்ப்பு என்றால் தளர்ச்சி. அது வந்து ஆளை நலிகிறது, அதாவது வருத்துகிறது. அங்கே நலிவு தானாக நேர்வதன்று. ஒன்று இன்னொன்றுக்குச் செய்வது. இந்தச் செயப்படுபொருள் குன்றா வழக்கை இன்று ஏறக்குறைய இழந்துவிட்டோம். 'நலிந்த கலைஞர்கள்' என்று எழுதி நிறுத்திவிடுகிறோம். அவர்களை நலிந்தது எது என்ற கேள்வி எழுவதே இல்லை.

2019ஆம் ஆண்டின் 103ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தை ஒட்டி 'பொருளாதாரத்தில் நலிவடைந்த பிரிவினர்' என்ற தொடர் அன்றாடம் புழங்குகிறது. அங்கே அது ஓர் அலுவல் பெயர், அவ்வளவே.

மெல்லத் தேயும் தொழில், கலை, மொழி பற்றிய செய்திகளுக்குத் தலைப்பிடும்போதாவது தங்கள் உதவி ஆசிரியர்கள் 'நலிவு' என்றே எழுத வேண்டுகிறேன்; நலிவித்தது எது என்பதையும் முதல் பத்தியிலேயே சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்