செயலாளரின் ஆண்டறிக்கை, 2025

தலைவர் அவர்களுக்கும் நிர்வாக சபையினருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களைப் பற்றிப் பின்னால் வருகிறது.

முதலில் ஒரு திருத்தம். கூட்டத் தொடக்கத்தில், இது பூர்வகுடிகளின் நிலம் என்று ஏற்று நாம் வாசிக்கும் நில ஏற்புரையில் இத்தனை காலமும், இந்த நிலம் பற்றி அவர்களோடு செய்த 13ஆம் இலக்க உடன்படிக்கையை மட்டுமே சொல்லி வந்தோம். ரொறன்ரோவுக்கு 1923ஆம் ஆண்டின் வில்லியம்ஸ் உடன்படிக்கைகளும் உண்டு. ஸ்காபரோவில் இருந்துகொண்டு அதை விட்டுவிட்டு வாசித்திருக்கிறோம். அந்த உடன்படிக்கைகள் தொடர்பில் ஏழு பூர்வகுடிச் சமூகங்களுக்கு மத்திய, மாகாண அரசுகள் 2018இல் ஏறத்தாழ 110 கோடி டொலர் கொடுத்து மன்னிப்பும் கேட்டன. இனி இரண்டையும் வாசிப்போம்.

பொங்கல் விழா, விளையாட்டுப் போட்டி, வாணி விழா மூன்றும் வழமைபோல் நடந்தன. முதியோர் சுற்றுலாவுக்கு ஒரு பஸ் போதுமாக இருந்தது.

அடுத்தது மழைத் தோட்டம், அதாவது கூரைத் தண்ணீரைத் தேக்கி நிலத்துக்குள் இறக்கும் ஒரு பள்ளத் தோட்டம். "அது ஏன் எங்களுக்கு?" என்று வட்ஸ்அப்பில் ஆண்டு முழுவதும் கேட்கப்பட்டதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2024 யூலை 16ஆம் தேதி ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் ஒரே நாளில் 97.8 மில்லிமீற்றர் மழை பதிவானது. எமது மண்டபத்தின் பின்பக்கக் கூரை 150 சதுர மீற்றர். அதன் பீலி வழியாக மட்டும் அன்று பதினாலாயிரம் லீற்றருக்கு மேல் தண்ணீர் இறங்கியிருக்கும். பேஸ்மென்டில் இருந்த கதிரைகளின் கதி எல்லோருக்கும் தெரியும். அந்தத் தண்ணீரை நிலத்துக்குள் இறக்கும் யோசனையோடு வந்தது எம்மவர்கள் அல்ல, அயலில் உள்ள ஒரு பூர்வகுடிக் குழு. நகரத்துக்குள் தங்கள் மூலிகைகளை வளர்க்க ஈரமான, வெயில் படும் இடம் அவர்களுக்குத் தேவைப்பட்டது.

ரொறன்ரோ மாநகரசபை உட்படச் சில இடங்களில் பூர்வகுடிகள் தலைமையேற்கும் காலநிலைத் திட்டங்களுக்கென்றே மானியம் இருக்கிறது. தலைமை என்பதை இங்கே சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். நாங்கள் திட்டம் போட்டுவிட்டு அவர்களின் மூத்தோர் ஒருவரை அழைத்து ஆசியுரை சொல்ல வைப்பது தலைமை ஆகாது. எதை நடுவது, எப்போது தோண்டுவது, காசை எதற்குச் செலவழிப்பது என்ற முடிவுகள் அவர்களுடையவை. "அப்படியென்றால் காசை அவர்களே வாங்கலாமே?" என்றும் கேட்டார்கள். பல மானியங்கள் பதிவுபெற்ற அமைப்பின் வங்கிக் கணக்குக்கு மட்டுமே வரும். அறக்கட்டளைகளின் பாடு இதைவிட இறுக்கமாக இருந்தது: 2022 யூனில் வருமானவரிச் சட்டம் திருத்தப்படும்வரை, வரித்துறை அங்கீகரித்த அமைப்புகளுக்கு வெளியே அவற்றால் மானியம் கொடுக்கவே முடியாதிருந்தது. அந்தக் குழு பதிவுபெறாதது. ஆகவே அவர்களுக்காகக் காசை வாங்கிக் கணக்குக் காட்டும் பொறுப்பு அமைப்பாக எமது சங்கம் கையெழுத்திட்டது. இப்படிப் பொறுப்பேற்கும் அமைப்புகள் பத்து வீதம் வரை நிர்வாகச் செலவுக்கு எடுப்பதுண்டு. நாம் எடுக்கவில்லை. பொருளாளரின் ஆட்சேபம் கூட்டக் குறிப்பில் பதியப்பட்டிருக்கிறது. என் முடிவு சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

முதல் வரவுசெலவுத் திட்டத்தை எழுதியவன் நான்; அதில் நாலு பிழைகள். மூத்தோருக்கான கௌரவத் தொகையைத் "தேவைப்படின்" என்று கடைசியில் போட்டிருந்தேன். அது முதல் வரியில் வரவேண்டியது, அன்றைய தினமே கையில் கொடுக்க வேண்டியது, இன்வொய்ஸ் கேட்டு முப்பது நாள் காக்க வைப்பதல்ல. சாப்பாடும் ரீரீசீ (நகரப் பொதுப் போக்குவரத்து) கட்டணமும் விடுபட்டிருந்தன. 13 வீத விற்பனை வரியை (எச்எஸ்ரீ) சேர்க்கவில்லை. கடைசித் தவணை இறுதி அறிக்கைக்குப் பிறகே வரும் என்பதையும் கவனிக்கவில்லை. அதுவரை செலவைக் கையிலிருந்து போட வேண்டும். அந்தக் கை எவ்வளவு வெறுமையானது என்பதைச் சந்தாப் பகுதியில் சொல்கிறேன்.

தோட்டத்தின் கணக்கு இது. 150 சதுர மீற்றர் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை என்றால் 3,750 லீற்றர். 25 சதுர மீற்றர் பள்ளத்தில் 15 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அதே 3,750 லீற்றர். அதற்கு மேல் வரும் மழைக்கு ஒரு கல் பதித்த வாய்க்கால் வேண்டும், அதுவும் அயல்வீட்டுப் பக்கம் பார்க்காமல். பள்ளம் அத்திவாரத்திலிருந்து குறைந்தது மூன்று மீற்றர் தள்ளியிருக்க வேண்டும். தோண்டுமுன் 30 சென்ரிமீற்றர் ஆழக் குழியில் தண்ணீர் நிரப்பி, அது வற்றியபின் மறுபடி நிரப்பி, இரண்டாம் தடவை இறங்கும் வேகத்தை அளக்க வேண்டும். முதல் தடவை காய்ந்த மண் உறிஞ்சி ஏமாற்றிவிடும். எமக்குக் கிடைத்தது மணிக்கு 6 மில்லிமீற்றர். அதாவது ஏறத்தாழ ஒரு நாளில் வற்றும். இரண்டு நாளைத் தாண்டினால் வேறு இடம் பார்க்க வேண்டும். ஒரு கிழமை நின்றால் நுளம்பு வளரும்.

களிமண்ணுக்கு மணல் கலந்தால் இளகும் என்று ஓர் உறுப்பினர் இரண்டு கன யார் மணலுக்குச் சொல்லிவிட்டார். களியும் மணலும் சேர்ந்தால் செங்கல்தான். திருப்பி அனுப்பினோம். இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு கூட்டெரு கலந்து 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு இட்டோம். வெட்டிய மண் பொருமிக் கால் பங்கு கூடும் என்பதை மறந்து, மண் ஏற்றிப் போகும் தொட்டி ஒன்று மட்டும் வாடகைக்கு எடுத்தோம். மண்ணென்றால் அதையும் பாதிக்கு மேல் நிரப்ப விடவில்லை. மிச்ச மண்ணைத் தாழ்ந்த பக்கத்தில் வரம்பாகக் கட்டலாம் என்று சொன்னது அந்தக் குழுவில் ஓர் இளம்பெண். வயலுக்கு வரம்பு கட்டிய ஊர்க்காரருக்கு இது தோன்றவில்லை.

ஒன்ராறியோ வன் கோலுக்கு அறிவிக்காமல் மண்வெட்டி வைக்கக்கூடாது. நிலக்கீழ் எரிவாயு, மின் இணைப்புகளை இலவசமாகக் குறித்துத் தருவார்கள், ஐந்து வேலைநாள் விட வேண்டும். குறித்து முடிந்து, தொட்டியும் வந்தபிறகு, புகையிலையைக் காணிக்கையாக வைத்துக் கேட்காமல் நிலத்தைத் தொட முடியாது என்று தோண்டும் நாளை அந்தப் பூர்வகுடிக் குழுவினர் தள்ளி வைத்தார்கள். தொட்டி வாடகை ஏறியதென்று சபையில் முணுமுணுப்பு. நல்ல நாள் பார்த்து அத்திவாரக் கல் வைக்கும் நமக்கு இது புதிதா? அந்த நாளை முதலே கேட்டு அட்டவணையில் போடாதது என் பிழை.

நடவையும் அவர்களே தீர்மானித்தார்கள். பள்ளத்தின் அடியில் சதுப்பு மில்க்வீட், நீல ஐரிஸ். ஈரமான ஓரத்தில் ஸ்வீற்கிராஸ் என்ற வாசனைப் புல். வரம்பில் காட்டு பெர்கமொட். தள்ளி ஒரு வெள்ளைச் சீடர். ஸ்வீற்கிராஸ் விதையில் நம்பிக்கை வைக்க முடியாது, வேர்த்தண்டில் பரவுவது. நாற்றை 30 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக வைத்தோம். மில்க்வீட் விதையை ஈரமணலோடு குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மாதமாவது வைத்திருக்க வேண்டும். சமையலறைப் பெட்டியிலிருந்து அதை யாரோ எறிந்துவிட்டார்கள். இரண்டாம் தடவை நாற்றாக வாங்கினோம், அதுவும் செலவுதான்.

சடங்கின்போது படம் எடுக்கக்கூடாது என்று இருமுறை சொல்லியும் எடுத்தவர்கள் உண்டு, பகிர்ந்தவர்களும் உண்டு. அழிக்கச் செய்தேன். மானியம் தந்த இடம் அறிக்கைக்குப் படம் கேட்டது. பாத்தியின் படங்களும் நீரளவுக் குறிப்பும் அனுப்பினோம், ஏற்றுக்கொண்டார்கள். எந்தச் செடி எதற்கு என்று மூத்தோர் சொன்னவை அந்த அறிக்கையில் இல்லை. அந்த அறிவும் பதிவும் அவர்களுடையவை. எமது மலரில் போடக் கேட்டு எனக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டாம்.

இனி வராதவர்கள். தொண்டர் பட்டியலில் இருபத்தாறு பெயர். தோண்டிய இரண்டு நாளும் வந்தவர்கள் ஐவர், அதில் மூவர் எழுபது கடந்தவர்கள். சாப்பாட்டுக்கு முப்பது பேருக்கு மேல்.

சந்தா பாதிப்பேரிடம் நிலுவை. இது வெறும் காசுக் கதை அல்ல. இருபது லட்சம் டொலர் பொறுப்புக் காப்புறுதி இல்லாமல் இந்த மானியம் கைக்கு வராது. அதன் தவணை சந்தாவிலிருந்துதான் போகிறது. ஏப்ரலில் தவணை பிந்திப் புதுப்பித்தல் கடிதம் வராமல், அந்தக் குழுவின் காசு மூன்று கிழமை நின்றது. நாற்பது டொலர் சந்தாவை நாம் கட்டாததற்கு அவர்கள் காத்திருந்தார்கள்.

கணக்கு விபரத்தைப் பொருளாளர் வாசிப்பார். மானியப் பணம் தனிக் கணக்கில் இருக்கிறது. பொதுக் கணக்கில் வரவும் செலவும் ஏறத்தாழச் சரி. கடைசித் தவணை வந்ததும் மண்டப வைப்புப் பணத்திலிருந்து எடுத்தது திரும்பி வைக்கப்படும்.

தலைவருக்கும், பொருளாளருக்கும், கணக்காய்வாளருக்கும், தேநீர் தந்த மாதர் அணிக்கும், மண்டப உரிமையாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் இந்தப் பதவிக்கு நிற்பதா என்று நான் தீர்மானிக்கவில்லை. நிற்பவர் யாராயினும், அந்தக் குழு தன்னைப் பதிவுசெய்யும் வேலையைத் தொடங்கியிருப்பது தெரிந்திருக்கட்டும். முடிந்ததும் பணம் நேரே அவர்களுக்குப் போகும், நாம் வெறும் அயலவர். அதுவரை இரண்டு கோடைக்கு, மழையில்லாத கிழமைகளில் பாத்திக்கு 600 லீற்றர் தண்ணீர் ஊற்ற வேண்டும். முறைப்பட்டியல் வாசலில் சந்தாப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. யூலை முழுவதும் வெறுமையாக இருக்கிறது. வெளிக்குழாயின் திறப்பு என்னிடம்.