கேமிங் பிளான் என்று விற்றுவிட்டு "உங்க ஏரியா அப்படித்தான் சார்" என்கிறீர்கள்: ஃபைபர் இணைப்பு குறித்த புகார்

அனுப்புநர்
உங்கள் ஃபைபர் பிராட்பேண்ட் வாடிக்கையாளர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 600081.

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
சென்னை.

பொருள்: வாக்களித்த சேவை தராதது, ஊழியர் மரியாதைக்குறைவாகப் பேசியது, முன்பணத்தைத் திருப்பித் தருவது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். கால் சென்டர், ஆப், வாட்ஸ்அப், நேரில் என்று எல்லா வழியிலும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். தயவுசெய்து கடைசி வரி வரைக்கும் படியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு "ரவுட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று பதில் அனுப்ப வேண்டாம்.

இணைப்பு எதற்கு என்று சொல்லித்தான் வாங்கினேன். பகலில் மணலியில் வேலை. ராத்திரி 8 மணியிலிருந்து 11 மணி வரைதான் எனக்குக் கிடைக்கும் நேரம். அப்போது வேலரன்ட் என்ற ஆன்லைன் சுடும் விளையாட்டு ஆடுவேன், அதையே யூடியூபில் லைவ் போடுவேன். அதே நேரத்தில் அம்மா ஹாலில் ஓடிடியில் சீரியல் பார்ப்பார், அக்கா பிள்ளைகள் டேப்பில் கார்ட்டூன் போட்டுக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்த உங்கள் விற்பனையாளரிடம் வேகத்தைப் பற்றி நான் கேட்கவே இல்லை. கேமின் மும்பை சர்வருக்குப் பிங் (தகவல் போய்த் திரும்பும் நேரம்) எவ்வளவு வரும், பப்ளிக் ஐபி (வெளியிலிருந்து நேரடியாக எட்டக்கூடிய இணைய முகவரி) உண்டா, அப்லோடும் டவுன்லோடும் ஒரே அளவா, ராத்திரியில் நிலையாக இருக்குமா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் அவர் சொன்ன ஒரே பதில், "அதுக்குத்தான் சார் கேமிங் பிளானே." அதை நம்பி ஆறு மாதப் பணத்தை 18 சதவீத ஜிஎஸ்டியோடு மொத்தமாகக் கட்டினேன்.

இப்போது நிலைமை இதுதான். மதியம் பார்த்தால் மும்பைக்கு 35 மில்லிசெகண்ட். குறையே இல்லை. ராத்திரி 8 மணி தாண்டியதும் 90, 140, 200 என்று ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். பாக்கெட் லாஸ் வேறு, அதாவது அனுப்பும் தகவல் துண்டுகள் வழியிலேயே தொலைகின்றன. சென்னையிலேயே சர்வர் உள்ள கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடிப் பார்த்தாலும் அதே கதை. தகவல் போகும் வழியைக் காட்டும் ட்ரேஸ்ரூட் போட்டால், தண்டையார்பேட்டையில் கிளம்பும் பாக்கெட் மும்பை போய்ச் சுற்றிக்கொண்டு சென்னைக்கே திரும்பி வருகிறது. உங்கள் நெட்வொர்க், உங்கள் ரூட்டிங். இது ஏன் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

ஆனால் உங்கள் கால் சென்டரில் யாருக்குமே தெரிவதில்லை. ஸ்பீட் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். எடுத்தால் 200 எம்பிபிஎஸ் முழுசாகக் காட்டுகிறது. காட்டாமல் என்ன செய்யும்? அது பக்கத்தில் உள்ள சர்வரைத்தானே தேர்ந்தெடுக்கிறது, பெரும்பாலும் உங்கள் நெட்வொர்க்குக்குள் இருப்பதையே. "வைஃபை பிரச்சினை சார்" என்கிறார்கள். என் கம்ப்யூட்டர் லேன் கேபிளில் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் முதல் வரியிலேயே சொல்கிறேன். அப்புறம் 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறச் சொல்கிறார்கள். 4கே படத்துக்கு நெட்ஃப்ளிக்ஸே 15 எம்பிபிஎஸ் போதும் என்கிறது. என் லைவுக்கு 10 போதும். எல்லாம் கூட்டினாலும் எங்கள் வீட்டுக்கு 100 எம்பிபிஎஸ்ஸே தாராளம். நான் கேட்பது வேகத்தை அல்ல. இதைப் புரியவைத்துப் புரியவைத்து என் தொண்டைதான் வற்றியது.

இனி அந்த ஊழியர் விஷயம். இதை எழுதும்போதே கை நடுங்குகிறது. அன்று ராத்திரி மேட்ச் நடுவில் பிங் எகிறி என்னை வெளியே தள்ளிவிட்டது. உடனே போன் போட்டேன். காத்திருப்பு இசை கேட்டுக் கேட்டு ஒருவழியாக லைனில் வந்தவர், நான் சொல்லி முடிக்கும் முன்பே, "நெட்ஃப்ளிக்ஸ் ஓடுதுல்ல சார்? கேம் ஆடறதுக்கா இவ்ளோ சத்தம்?" என்றார். பொறுமையாக விளக்கினேன். வீடியோ சின்டெக்ஸ் தொட்டி மாதிரி, முன்கூட்டியே நிரப்பி வைத்துக்கொள்ளும், குழாய் கொஞ்ச நேரம் நின்றாலும் வெளியே தெரியாது; போதாக்குறைக்கு அதன் நகலை வைத்திருக்கும் கேஷ் சர்வரும் உங்கள் நெட்வொர்க்குக்குள்ளேயே இருக்கும்; கேம் அப்படியில்லை, ஒவ்வொரு பாக்கெட்டும் அந்தந்த நொடியில் போய் வர வேண்டும் என்றேன். அதற்கு அவர் சொன்னது: "நார்த் மெட்ராஸ்ல அப்படித்தான் சார் இருக்கும். ஏரியா அப்படி."

ஏரியா எப்படி ஐயா? அண்ணா நகரில் கட்டுகிற அதே பணத்தைத்தான் நானும் கட்டுகிறேன். தண்டையார்பேட்டைக்கு என்று தள்ளுபடி எதுவும் நீங்கள் தரவில்லையே. சிங்கப்பூரிலிருந்து வரும் கடலடி கேபிள்கள் இந்தச் சென்னைக் கரையில்தான் ஏறுகின்றன. விளையாட்டு என்றால் அவ்வளவு இளப்பமா? 2024ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா எங்கள் புதுவண்ணாரப்பேட்டைப் பெண். கேரமையும் ஒரு காலத்தில் வேலையில்லாதவன் ஆட்டம் என்றுதான் சொன்னார்கள். இ-ஸ்போர்ட்ஸை 2022 டிசம்பரிலேயே மத்திய அரசு விளையாட்டு அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்துவிட்டது. உங்கள் ஊழியருக்கு மட்டும் அது வெட்டிச் சத்தம். அந்த அழைப்பின் ஒலிப்பதிவு உங்களிடம் இருக்கும், "பயிற்சிக்காகப் பதிவு செய்யப்படுகிறது" என்று நீங்களே சொல்கிறீர்கள். எடுத்துக் கேளுங்கள். அவரிடமிருந்து எழுத்துப்பூர்வ மன்னிப்பு வேண்டும். பணத்தைவிட இது எனக்கு முக்கியம்.

பெரம்பூர் அலுவலகத்துக்கு அலையவிட்டதையும் சொல்லிவிடுகிறேன். ஃபைபர் வயர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டியை நேரில் கொண்டுவந்தால் உடனே மாற்றித் தருவோம் என்று போனில் சொன்னார்கள். அரை நாள் லீவு போட்டேன். பச்சை முனை ஃபைபர் வயரை எப்படிக் கழற்றுவது என்று உங்கள் ஆளே போனில் சொல்லிக்கொடுத்தார். கழற்றி, பெட்டியை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, உச்சி வெயிலில் வியாசர்பாடி நெரிசலைத் தாண்டிப் போனேன். அங்கே ஒரு கண்ணாடிக் கதவு, ஒரு மேஜை, ஒரு பெண். பெட்டியைப் பார்த்ததும் அவருக்கே சங்கடமாகிவிட்டது. "சார், இது பேமென்ட் கவுன்டர் மட்டும்தான். டெக்னிக்கல் இங்க இல்லவே இல்ல." அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். என்னை அனுப்பியது யார்? உங்கள் அலுவலகத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாதா? திரும்பி வந்து வயரை மாட்டினால் சிக்னல் வரவில்லை என்று காட்டும் லாஸ் (LOS) விளக்கு சிவப்பாக எரிகிறது. அன்று ராத்திரி முழுக்க வீட்டில் நெட்டே இல்லை. அம்மாவுக்குச் சீரியலும் போச்சு.

மறுநாள் வந்த டெக்னீஷியன் முனையைத் துடைத்து மாட்டினார், சிவப்பு விளக்கு அணைந்தது. பிங்கைப் பற்றி நான் வேலையிலிருந்து வந்து காட்டுவதற்குள், "இப்ப க்ளோஸ் பண்ணாத்தான்மா அடுத்த வீட்டுக்குப் போக முடியும்" என்று அம்மாவிடம் ஓடிபி வாங்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு எஸ்எம்எஸ் வந்தது: "உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது." இப்படித்தான் என் எல்லா டிக்கெட்டுகளும் தீர்ந்திருக்கின்றன.

பப்ளிக் ஐபி விஷயத்தைச் சொல்ல விட்டுப்போனது. ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் வேன் (WAN) முகவரி, அதாவது நீங்கள் என் இணைப்புக்குக் கொடுத்த முகவரி, 100.72 என்று தொடங்குகிறது. 100.64 முதல் 100.127 வரை எதற்கு ஒதுக்கியது என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அது சிஜிநாட்டுக்கு, அதாவது பல வாடிக்கையாளர்கள் ஒரே பப்ளிக் ஐபியைப் பகிர்வதற்கு. என்னை அதற்குள் அடைத்து வைத்துவிட்டு, வெளியிலிருந்து வருபவர்களுக்கு வழி திறக்கும் போர்ட் ஃபார்வர்டிங் செய்யச் சொல்கிறது உங்கள் ஆப். எப்படி வேலை செய்யும்? நண்பர்களோடு ஆட நான் லாபி (ஆட்ட அறை) போட்டால் யாராலும் உள்ளே வர முடிவதில்லை. கேட்டால், மாறாத பப்ளிக் முகவரியான ஸ்டாட்டிக் ஐபிக்குத் தனியாக மாத வாடகை கட்டச் சொல்கிறீர்கள். விற்கும்போது இதை ஏன் சொல்லவில்லை?

இதனால் எனக்கு ஏற்பட்ட நஷ்டத்தைக் கணக்கிடவே முடியாது. தகுதிச் சுற்று அன்று என் இணைப்பு இரண்டு முறை அறுந்துபோனதால் எங்கள் அணியே வெளியேறியது. அணியில் என் இடத்துக்கு வேறு பையனை எடுத்துவிட்டார்கள். பல வருட உழைப்பு ஒரே ராத்திரியில் மண்ணாகப் போனது. லைவ் பார்க்க வந்தவர்கள் படம் உறைந்து உறைந்து நிற்பதைப் பார்த்து ஓடிவிட்டார்கள். என் எதிர்காலத்தையே உங்கள் நிறுவனம் பாழாக்கிவிட்டது என்றுதான் சொல்வேன்.

இப்போதும் மரியாதையாகவே கேட்கிறேன். ரூட்டிங்கைச் சரிசெய்து, பப்ளிக் ஐபியைக் கூடுதல் கட்டணம் இல்லாமல் கொடுத்தால் உங்களிடமே தொடரத் தயார். இல்லையென்றால் மீதி மாதங்களுக்கான பணத்தைப் பிடித்தம் இல்லாமல் திருப்பிக் கொடுங்கள். தெருக்கோடியில் எங்கள் கேபிள்காரரே ஃபைபர் தருகிறார், மும்பைக்கு என்ன பிங் வருகிறது என்று அவர் வீட்டிலேயே உட்காரவைத்துக் காட்டுகிறார்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் தனிநபர் புகாரை எடுக்காது என்று உங்கள் ஆள் ஒருவர் சிரித்தார். அது எனக்கும் தெரியும். ஆனால் ட்ராயின் 2012ஆம் ஆண்டு விதிப்படி உங்கள் நிறுவனத்திலேயே மேல்முறையீட்டு அதிகாரி இருக்க வேண்டும், 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். புகார் எண்களை எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைப்பேன், சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். தொலைத்தொடர்புச் சேவை பற்றிய புகாரை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று 2022ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சேவைக்குக் கட்டிய பணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமும் கிடையாது. அங்கே போனால் முன்பணத்தை மட்டும் கேட்க மாட்டேன், இரண்டு லட்ச ரூபாய் இழப்பீடும் சேர்த்துத்தான் கேட்பேன்.

பிங் அளவுகள், ட்ரேஸ்ரூட், ரசீது எல்லாவற்றையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். பதினைந்து நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். ஆள் அனுப்புவதாக இருந்தால் ராத்திரி 8 மணிக்கு மேல் அனுப்புங்கள், பிரச்சினை அப்போதுதான் தெரியும். நான் வீட்டில் இல்லாதபோது அம்மாவிடம் ஓடிபி கேட்கக் கூடாது என்றும் அவரிடம் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை வாடிக்கையாளர்