வேலையை விட நினைக்கும் தாதி ஒருத்திக்கு

அன்புள்ள மகளுக்கு,

வார்டு வேலையை விட்டுவிட்டு ஒரு காப்புறுதி நிறுவனத்தில் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் பணிக்குப் போகலாமா என்று நீ யோசிப்பதாக உன் அம்மா சொன்னாள். போவதும் இருப்பதும் உன் விருப்பம். ஆனால், தாதிமையில் உனக்கு ஈடுபாடே போய்விட்டதாக நீ சொன்னாயாமே, அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இதே தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். உன் நிலையில் இருக்கும் மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் எல்லாரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

அண்மையில் காலை ஷிஃப்ட் முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தபோது, சோற்றில் கை வைத்தவள் பாதியில் எழுந்துபோய் வார்டுக்குத் தொலைபேசியில் அழைத்தாய். ஒரு தாத்தாவுக்குப் படுக்கைப் புண் வரப்போவதுபோல் இடுப்புக்குக் கீழே தோல் சிவந்திருந்ததை, அடுத்த ஷிஃப்டுக்கு ரிப்போர்ட் கொடுக்கும்போது சொன்னோமா என்று உனக்குச் சந்தேகம். சொல்லியிருந்தாய், எழுதியும் வைத்திருந்தாய். அப்படியும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்க வைக்கும்படி மறுபடி நினைவூட்டிய பிறகே சாப்பிட உட்கார்ந்தாய். ஈடுபாடு போனவள் இதையா செய்வாள்?

வேலையில் ஈடுபாடு வேறு, வேலையில் மனநிறைவு வேறு. 1965ஆம் ஆண்டு லோடால், கெஜ்னர் என்ற இரு ஆய்வாளர்கள் ஈடுபாட்டை அளக்க ஓர் அளவுகோலை உருவாக்கியபோது, தாதியரிடமும் பொறியாளர்களிடமும் அதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். சம்பளம் தராவிட்டாலும் வேலையை முடிக்கக் கூடுதல் நேரம் இருப்பேன், மறுநாள் வேலையை நினைத்துத் தூக்கம் வராமல் படுத்திருப்பதுண்டு என்பவை போன்ற வாசகங்கள் அதில் இருந்தன. பொறியாளர் வரைபடத்தை மூடி வைத்துவிட்டு நாளை தொடரலாம். அவர் இரவு வரை இருந்தால், பெரும்பாலும் அது அவராக எடுத்த முடிவு. பாதிக் கட்டுப்போட்ட புண்ணை அப்படியே விட்டுவிட்டு எந்தத் தாதியாலும் கிளம்ப முடியாது. ஆகவே, நம்முடைய ஈடுபாட்டில் ஒரு பங்கு விருப்பத்தால் வருவது, இன்னொரு பங்கு தொழிலே நம்மைக் கட்டிப்போடுவதால் வருவது. இந்த இரண்டாவது பங்கு உன்னைக் களைப்படைய வைத்திருக்கிறது. முதல் பங்கு உன்னிடம் அப்படியே இருக்கிறது.

மனநிறைவைப் பற்றி ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959இல் சொன்னதையும் நீ படித்திருப்பாய். சம்பளம், மேலதிகாரி, பணிச்சூழல் ஆகியவை மோசமானால் அதிருப்தி வரும்; சாதிப்பு, பாராட்டு, வேலையின் தன்மை ஆகியவையே உண்மையான நிறைவைத் தரும் என்று அவர் இரண்டையும் பிரித்தார். அவர் பேட்டி கண்டவர்கள் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் வட்டாரத்துப் பொறியாளர்களும் கணக்காளர்களும். உன் பெரியப்பா கணக்காளர் என்பதால் அந்தப் பிரிவினை அவருக்குப் பொருந்துவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்: அலுவலகத்தில் ஆயிரம் குறை இருந்தாலும், கணக்கு ஒத்துப்போன அன்று அவர் முகம் மலர்ந்துதான் வீடு திரும்புவார். நமக்கு அது அவ்வளவு எளிதில் பொருந்தாது. ஆள் பற்றாக்குறை என்பது தாதிக்கு வெறும் பணிச்சூழல் குறை அல்ல. கஞ்சி வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, தமிழில் நாலு வார்த்தை பேசி ஊட்டுவதற்கான அந்தப் பத்து நிமிடத்தையே அது பறித்துவிடுகிறது. நிறைவு தரும் வேலையே அதுதானே! இன்னொன்றும் உண்டு. ஆசிரியருக்கு ஆண்டு முடிவில் மாணவர்களின் தேர்ச்சி கண்ணுக்குத் தெரியும். வராமல் தடுத்த படுக்கைப் புண்ணையும், விழாமல் காப்பாற்றிய நோயாளியையும் யார் கணக்கில் எழுதுகிறார்கள்?

நீ ஒருத்தி மட்டும் இப்படி நினைக்கவில்லை. 2021இன் முதல் பாதியில் மட்டும் சிங்கப்பூரில் ஏறத்தாழ 1,500 சுகாதார ஊழியர்கள் பதவி விலகினார்கள். கொவிட்டுக்கு முன்பு ஓர் ஆண்டு முழுவதற்குமே ஏறத்தாழ 2,000 பேர்தான். 2024இல் சுகாதார அமைச்சு அறிவித்த 'ஏஞ்சல்' திட்டத்தின்கீழ், பொதுச் சுகாதாரத் துறையில் தொடர்ந்து பணியாற்றும் தாதியருக்கு 20 ஆண்டுகளில் 100,000 வெள்ளி வரை கிடைக்கும். அதை நான் மனமார வரவேற்கிறேன், நம்மில் பலருக்கு அது வீட்டுக் கடனையே இலேசாக்கும். ஆனால் பாட்டிக்கு ஊட்டும் பத்து நிமிடத்தை அந்தப் பணத்தால் திருப்பித் தர முடியாது.

காப்புறுதி வேலையை நான் குறைத்துப் பேசவில்லை. இரவு ஷிஃப்ட் இல்லாத வாழ்க்கை பெரிய வரம். ஆனால், ஈடுபாடு இல்லை என்று உன்னையே நீ குற்றவாளியாக்கிக்கொண்டு அங்கே போகாதே. அதற்கு முன், பலதுறை மருந்தகத்துக்கோ இல்லத் தாதிமைக்கோ மாற்றல் கேட்டுப் பார். நீரிழிவு நோயாளிகள் திரும்பத் திரும்ப வருமிடத்தில், நீ சொல்லிக் கொடுத்தது பலித்ததா என்பதை நீயே பார்க்க முடியும்.

உன் தாதியர் மேலாளரிடம் பேசப் போகும்போது, களைப்பாக இருக்கிறது என்று மட்டும் சொல்லாதே. எந்த ஷிஃப்டில் எத்தனை பேர் இருந்தீர்கள், நேரமில்லாமல் எந்தெந்தப் பராமரிப்பு விடுபட்டது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ. அவரும் மேலிடத்தில் ஆள் கேட்க அந்தத் தாள் உதவும். பேசிய பிறகு எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பெரியம்மா