எடைக்குப் போட்ட பிரிண்டரின் டிரைவர் இன்னும் கம்ப்யூட்டரில் இருக்கலாம்

தருமபுரி மாவட்டத்தில் இ-சேவை மையம் நடத்துபவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மையத்தில் சாம்சங், ஹெச்பி, ஜெராக்ஸ் கம்பெனி லேசர் பிரிண்டர் எப்போதாவது இருந்திருந்தால் இதைப் படியுங்கள். பிரிண்டரை எடைக்குப் போட்டுவிட்டிருந்தாலும் சரி.

இந்த பிரிண்டர்களில் பல மாடல்களோடு வந்த எஸ்எஸ்போர்ட்.சிஸ் (SSPORT.SYS) என்ற டிரைவரில், அதாவது பிரிண்டரை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருளில், 2005 முதல் இருந்த பாதுகாப்பு ஓட்டை 2021இல்தான் வெளியே தெரிந்தது. பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் இதன் எண் சிவிஇ-2021-3438 (CVE-2021-3438), தீவிரம் 10க்கு 8.8. ஏதோ ஒரு சாதாரண புரோகிராம் இந்த டிரைவருக்குச் சில எழுத்துகளை அனுப்புகிறது என்று வையுங்கள். எத்தனை பைட் என்பதையும் அனுப்புகிறவனே சொல்கிறான். டிரைவரோ தான் ஒதுக்கிய இடம் போதுமா என்று பார்ப்பதே இல்லை. சொன்ன அளவை அப்படியே காப்பி செய்கிறது. இடம் நிரம்பியதும் மிச்சமெல்லாம் பக்கத்து நினைவகத்தின் மேல் போய் விழும். இது நடப்பது விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள். கணக்குத் தப்பினால் நீலத் திரை. கணக்குத் தெரிந்தவனுக்கு அட்மினையும் மிஞ்சிய அதிகாரம் கிடைக்கும், ஆண்டிவைரஸையே அணைத்துவிடலாம்.

இன்டர்நெட் வழியாக நேரே நுழைய இது உதவாது. கெட்ட புரோகிராம் ஒன்று முதலில் உங்கள் கம்ப்யூட்டரில் ஓட வேண்டும். ஆனால் மார்க்‌ஷீட், போட்டோ என்று நாள் முழுக்க அடுத்தவர் பென்டிரைவ் செருகும் இடம் உங்களுடையது. ஆதார் நகலும் வருமானச் சான்று விண்ணப்பமும் கிடப்பதும் அதே கம்ப்யூட்டரில்தான். ஆபரேட்டருக்கு அட்மின் பாஸ்வேர்டு தராதது நல்ல பழக்கம், ஆனால் இந்த ஓட்டை தாண்டுவதே அந்தத் தடுப்பைத்தான்.

சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ் கோப்புறையைத் திறந்து பாருங்கள். எஸ்எஸ்போர்ட்.சிஸ் கோப்பு அங்கே இருந்து, பிரிண்டரும் ஓடிக்கொண்டிருந்தால் புது டிரைவர் போடுங்கள். சாம்சங்கின் பிரிண்டர் தொழில் 2017இல் ஹெச்பி கைக்குப் போய்விட்டது. அதனால் சாம்சங் மாடலுக்கும் ஹெச்பி தளத்தில்தான் தேட வேண்டும். 'இலவச டிரைவர்' தளங்கள் பக்கமே போகாதீர்கள்.

பிரிண்டர் இல்லையென்றால் அதன் மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் கொடுத்து, அதே கோப்புறையை மறுபடி பாருங்கள். கோப்பு அங்கேயே தங்கிவிடுவதுண்டு. இருந்தால் அட்மின் உரிமையோடு பெயரை மாற்றி, இன்னொரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பெயர் மாறினால் விண்டோஸ் அதை ஏற்றாது. ஏதாவது சிக்கல் வந்தால் பழைய பெயரையே திருப்பி வைத்துக்கொள்ளலாம்.

பாலக்கோடோ அரூரோ, ஒரு கம்ப்யூட்டரில் எல்லாம் ஏற்றி அதையே குளோன் (முழு நகல்) எடுத்து மற்றவற்றில் போட்டிருந்தால், அந்த பிரிண்டரைக் கண்ணால்கூடப் பார்க்காத கம்ப்யூட்டரிலும் இந்த டிரைவர் இருக்கும். அவற்றையும் விடாமல் பாருங்கள்.

இப்படிக்கு,
தருமபுரி கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவர்கள்