கடல் தெரியும் அறை என்றால் எந்த அறை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த, பிரான்சின் தென்கடற்கரையில் உள்ள நீஸ் நகரப் பயணக் கட்டுரையில் நெக்ரெஸ்கோ ஹோட்டலின் இளஞ்சிவப்புக் குவிமாடமும், உள்ளே தொங்கும் பக்கரா நிறுவனத்தின் படிகச் சரவிளக்கும், எதிரே விரியும் நீலக் கடலும் கண்முன் வந்து நின்றன. 'வாழ்நாளில் ஓர் இரவாவது அங்கே தங்கிவிடுங்கள்' என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். அந்த ஓர் இரவுக்கு எந்த அறையைக் கேட்பது, எந்த மாதத்தில் போவது, பணத்தை எந்தப் பெயரில் கட்டுவது என்பதைப் பற்றித்தான் ஒரு வரியும் இல்லை. இவ்வகை ஹோட்டலுக்குப் போய் மனம் கசந்து திரும்புகிறவர்கள் இந்த மூன்றில் ஏதோ ஒன்றில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

முதலில் ஒரு திருத்தம். 'கட்டிய நாள் முதல் கடலை நோக்கி வாசல் திறந்து நிற்கும் ஹோட்டல்' என்று எழுதியிருந்தது. ருமேனியாவில் பிறந்த ஆன்றி நெக்ரெஸ்கோ 1913இல் இதைத் திறந்தபோது, அன்றைய வழக்கப்படி முன்வாசல் கடலுக்கு எதிர்ப்பக்கம்தான் இருந்தது. கட்டியவர் நெதர்லாந்தில் பிறந்த எத்துவார் ழான் நியர்மான்ஸ் என்ற கட்டடக் கலைஞர். வடக்கு ஐரோப்பாவின் குளிருக்குத் தப்பி, மிதமான வெயிலில் சில மாதம் இருந்துவிட்டுப் போக வந்தவர்கள்தான் அந்தக் கால விருந்தினர்கள். கடலில் இறங்கிக் குளிப்பது அவர்கள் திட்டத்திலேயே இல்லை. கோடை வந்தால் கடற்கரை ஹோட்டல்கள் கதவைச் சாத்திக்கொள்ளும். 2021இல் யுனெஸ்கோ நீஸ் நகரை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோதும் 'குளிர்கால உல்லாச நகரம்' என்றே பெயர் சூட்டியது.

கோடையில் வருவது பிறகு வந்த மோஸ்தர். நீஸுக்கு அருகே ஆந்தீப் முனையில் உள்ள ஓத்தெல் து காப் என்ற ஹோட்டல் 1923 கோடையில் ஜெரால்டு, சாரா மர்ஃபி என்ற அமெரிக்கத் தம்பதிக்காகத் திறந்துவைக்கப்பட்டது. அதன் பிறகுதான் வழக்கம் தலைகீழாயிற்று. இன்று அதே ஹோட்டல் குளிர்காலத்தில் மூடிக் கிடக்கிறது. டிசம்பரில் போகத் திட்டமிடுகிறவர்கள் ஹோட்டல் திறந்திருக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

இனி அறை. புதிதாகக் கட்டிய ஹோட்டலில் நாலாம் மாடி அறையும் எட்டாம் மாடி அறையும் ஒரே அச்சில் வார்த்தவை. நூறாண்டு தாண்டிய கட்டடத்தில் அடுத்தடுத்த இரண்டு அறைகளே ஒன்றுபோல் இருக்காது. குளியலறைகள் பல இடங்களில் பிற்பாடு அறையைத் தடுத்துச் சேர்த்தவை. அதனால் ஓர் அறையில் குளியலறை தாராளமாகவும் பக்கத்து அறையில் நெருக்கமாகவும் இருக்கும். மூலை அறைக்கு இரண்டு பக்கம் ஜன்னல். கூரைக்குக் கீழே இருக்கும் மாடியில் சுவர் சாய்வாக இறங்கும், ஜன்னல் சிறுத்துவிடும். நெக்ரெஸ்கோவில் இன்னொரு காரணமும் உண்டு. 1957 முதல் பல பத்தாண்டுகள் அதை வைத்து நடத்தி, 2019இல் மறைந்த ழான் ஓழியே அம்மையார், பதின்மூன்றாம் லூயி காலத்திலிருந்து இன்றைய காலம்வரை ஒவ்வொரு பாணியிலும் அறைகளை அலங்கரித்தார். கனத்த திரைச்சீலையும் பட்டுச் சுவரும் பொன்முலாம் நாற்காலியும் ஒருவருக்குப் பொக்கிஷம். வெள்ளைச் சுவரும் வெறும் மேசையும் போதும் என்பவருக்கு மூச்சு முட்டும். படத்தில் பார்த்த அறை வேண்டுமென்றால் அந்த அறையையே குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

முன்பதிவுத் தளங்களில் 'கடல் காட்சி' என்று ஒரே சொல்லில் எழுதியிருப்பார்கள். ஹோட்டலின் சொந்தப் பட்டியலில் அது இரண்டாகப் பிரியும். 'வ்யூ மேர்' என்றால் நேர் எதிரே கடல். 'வ்யூ மேர் லாத்தெரால்' என்றால் பக்கவாட்டில், ஜன்னலில் சற்றே சாய்ந்து பார்த்தால் தெரியும் கடல். அதற்கும் கீழே தெருப்பக்கமும் முற்றப்பக்கமும். இவற்றுக்கிடையே விலை கணிசமாக மாறும். நேர்க் கடல் அறைக்கு ஒரு விலை உண்டு, பணமாக அல்ல, சத்தமாக. ஹோட்டலுக்கும் கடலுக்கும் நடுவே ப்ரொம்னாத் தெஸ் ஆங்லே என்னும் அகன்ற சாலை பகலும் இரவும் ஓடுகிறது. ஜன்னல் இரட்டைக் கண்ணாடி; மூடினால் அமைதி. அலையோசை கேட்கலாம் என்று திறந்தால் ஸ்கூட்டர்களும் சேர்ந்தே உள்ளே வரும். லேசான தூக்கக்காரர்கள் பக்கவாட்டு அறையை எடுத்துக்கொண்டு, கடலைக் கீழே இறங்கிப் போய்ப் பார்ப்பதே மேல்.

பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்த கட்டடங்களில் முகப்பு, ஜன்னல், கூரை எதையும் அரசின் அனுமதியின்றி மாற்ற முடியாது. நினைத்த இடத்தில் ஏசி பெட்டியை வெளியே மாட்டவோ, புதிதாக பால்கனி எடுக்கவோ வழியில்லை. உப்புக் காற்று இரும்பையும் சாந்தையும் அரித்துக்கொண்டே இருப்பதால் முகப்பு வேலை ஓய்வதும் இல்லை. கூட்டம் குறைந்த மாதங்களில் சாரம் கட்டுவார்கள். சலுகை விலைக்கு அறை கிடைத்த மகிழ்ச்சியில் போய்ச் சேர்ந்தால் ஜன்னலை மூடிப் பச்சை வலை தொங்கலாம். 'அந்தத் தேதிகளில் முகப்பில் வேலை உண்டா' என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதே மின்னஞ்சலில் கேட்க வேண்டியவை இன்னும் சில: அறை எத்தனை சதுர மீட்டர்? ஜன்னல் முழுதாகத் திறக்குமா? தொட்டி மட்டும்தானா, நின்று குளிக்கத் தனி ஷவர் உண்டா? முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பழைய தொட்டியின் உயர விளிம்பு பெரும் தொல்லை. லிஃப்ட் அந்த மாடிவரை போகுமா? பிரான்சில் தரைத்தளத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். கட்டிலையும் கேட்க வேண்டும். பிரான்சில் இருவர் கட்டில் 140 செ.மீ. அகலத்திலும் உண்டு, 160, 180 செ.மீ. அகலத்திலும் உண்டு, 180 என்பது பல சமயம் 90 செ.மீ. மெத்தைகள் இரண்டைச் சேர்த்துப் போட்டது.

பணம் கட்டுவதில் பிரெஞ்சுச் சட்டம் ஒரு நுட்பமான கோடு போட்டிருக்கிறது. முன்பணம் 'ஆர்' (arrhes) என்ற பெயரில் வாங்கப்பட்டால், பயணி ரத்து செய்யும்போது அந்தத் தொகை மட்டும் போகும். ஹோட்டல் ரத்து செய்தால் இரு மடங்காகத் திருப்பித் தர வேண்டும். 'அக்கோந்த்' (acompte) என்ற பெயரில் வாங்கப்பட்டால் இரு தரப்பும் ஒப்பந்தத்தில் கட்டுண்டவர்கள்; பயணி பின்வாங்கினால் மீதித் தொகையையும் கேட்க ஹோட்டலுக்கு உரிமை உண்டு. ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்லாதவரை முன்பணம் 'ஆர்' என்றே கொள்ளப்படும். ஆகவே உறுதிக் கடிதத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். இணையத்தில் வாங்கிய பொருளைப் பதினான்கு நாளுக்குள் திருப்பும் ஐரோப்பிய உரிமை, தேதி குறித்த ஹோட்டல் பதிவுக்குச் செல்லாது. பிரான்ஸ் போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடச் சான்று காட்ட வேண்டியிருப்பதால், விசா கைக்கு வரும்வரை ரத்து செய்யக்கூடிய கட்டணத்திலேயே பதிவு செய்வது புத்திசாலித்தனம். பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்.

போய்ச் சேர்ந்ததும் ரிசப்ஷனில் கார்டைக் கேட்டு ஒரு தொகையை நிறுத்திவைப்பார்கள். அது செலவு அல்ல, பிணை. ஆனால் டெபிட் கார்டைக் கொடுத்தால் நம் கணக்கிலிருந்த பணமே முடங்கும். ஹோட்டல் விடுவித்தாலும் வங்கி வழியே வந்து சேரச் சில நாள் ஆகும். இதற்கு கிரெடிட் கார்டே ஏற்றது. அறிவிக்கும் விலையில் வரியும் சேவைக் கட்டணமும் அடங்கியிருக்க வேண்டும். தங்கும் வரி மட்டும் தலைக்கு, இரவுக்கு என்று பெரும்பாலும் தனியாகக் கடைசி ரசீதில் ஏறும். பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு அது இல்லை. நட்சத்திரம் கூடக்கூட அந்த வரியும் கூடும். ஐந்து நட்சத்திரத்துக்கு மேலே 'பலாஸ்' என்று அரசுத் தரப்பில் 2010இல் ஏற்படுத்திய தனிப் பட்டம் இருக்கிறது. அது பழமைக்குத் தரும் பட்டம் அல்ல. புதிய ஹோட்டலுக்கும் கிடைக்கும், நூறாண்டு ஹோட்டலுக்குக் கிடைக்காமலும் போகும்.

எந்த மாதம்? மே மாதம் கான் திரைப்பட விழா. 2025வரை மே கடைசியில் நடந்த மொனாக்கோ கார்ப் பந்தயம் 2026 முதல் ஜூன் தொடக்கத்தில். இந்த நாட்களில் கானிலும் மொனாக்கோவிலும் மட்டுமல்ல, ரயிலில் எட்டும் தூரத்தில் உள்ள நீஸிலும் விலை ஏறிவிடும். குறைந்தது இத்தனை இரவு என்ற நிபந்தனையும் சேரும். ஜூலை, ஆகஸ்டில் வெக்கையும் கூட்டமும். அக்டோபர், நவம்பரில் மழை கொட்டினால் கொட்டியதுதான். கடலில் குளிக்க வேண்டுமென்றால் செப்டம்பர். ஹோட்டலுக்காகவே போகிறவர்களுக்கு பிப்ரவரியைச் சொல்லத் தோன்றுகிறது: சூரியன் தாழ்வாக நகர்வதால் தெற்குப் பார்த்த ஜன்னல் வழியே வெயில் அறையின் உட்சுவர்வரை வந்து விழும். இந்தக் கட்டடங்களை எழுப்பியதே அந்த வெயிலுக்காகத்தான். நீஸ் கார்னிவல் நடக்கும் நாட்களை மட்டும் பார்த்துத் தவிர்க்கலாம், அல்லது அதற்கென்றே போகலாம்.

'ஹோட்டலின் சொந்தக் கடற்கரை' என்ற சொல்லும் கட்டுரையில் வந்தது. பிரான்சில் கடற்கரை அரசுக்குரிய பொது நிலம். 1986ஆம் ஆண்டுக் கடலோரச் சட்டம் பொதுமக்களின் வழியை உறுதி செய்கிறது. தனியார் கடற்கரை எனப்படுவது குத்தகைக்கு விட்ட துண்டு. மெத்தைக்கும் குடைக்கும் நாள் வாடகை, முன்வரிசைக்குக் கூடுதல், அறை வாடகையில் அது அடங்கியிருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. நீஸில் மணலே இல்லை, கூழாங்கல்தான். வெறுங்காலில் நாலடி நடப்பதே தவம். கரையிலிருந்து சில எட்டிலேயே ஆழம் இறங்கிவிடும், ஆகவே ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, சிறு பிள்ளைகளைக் கைப்பிடியில் வைத்திருங்கள். மணல் வேண்டுமென்றால் கானுக்குப் போக வேண்டும். அங்கே 1911இல் திறந்த கார்ல்டனின் எதிரே மணல்தான்.

கோட்டு மடிப்பில் குறுக்காகப் பிணைந்த இரண்டு பொற்சாவிகளைக் குத்தியிருப்பவர் கான்சியர்ஜ், அதாவது விருந்தினர் தேவைகளைக் கவனிக்கும் ஹோட்டல் ஊழியர். இவர்களின் ஐரோப்பியச் சங்கம் 1952இல் கானில்தான் முதல் மாநாடு கூட்டியது. உணவக மேசை, படகு, மருத்துவர், எதுவானாலும் இவரிடம் கேட்கலாம்; கேட்பதற்குக் கட்டணம் இல்லை. சைவ உணவு வேண்டுவோர் போவதற்கு இரண்டு நாள் முன்பே எழுதிவிடுவது நல்லது. 'மாமிசம் வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் மீன் வரும். காய்கறி சூப்பிலும் எலும்புச் சாறு இருக்கலாம். வெளியே கிடைக்கும் சோக்கா என்ற கடலைமாவு அடை பிரச்சினை இல்லாதது. பீட்சா போன்ற வெங்காயப் பண்டமான பிஸ்ஸலாடியேரில் நெத்திலி மீன் ஒளிந்திருக்கும்.

கடைசியாக, தங்க வசதிப்படாதவர்களைக் கட்டுரை கணக்கிலேயே எடுக்கவில்லை. இவ்வகை ஹோட்டல்களின் பாரில் தங்காதவர்களும் உட்கார்ந்து ஒரு காபி குடிக்கலாம்; நீச்சலுடையில் மட்டும் போகக் கூடாது. நெக்ரெஸ்கோவின் 16,309 படிகங்கள் கொண்ட சரவிளக்கு இரண்டாம் நிக்கோலஸ் ஜார் சொல்லிச் செய்தது. ரஷ்யப் புரட்சி வந்ததால் அவர் கைக்குப் போகவில்லை. அது தொங்கும் ராயல் மண்டபம் திருமணம், விருந்து என்று அடைபட்டிருக்கும் நாட்களும் உண்டு. அதைப் பார்க்கவே போகிறவர்கள் முதல் நாள் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு கிளம்பலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்