ஆட்டப் பதிவில் ஏன் கறுப்புத் திரை?

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளேஸ்டேஷன் 5 வீடியோ கேம் கன்சோலை, ஆட்டத்தை வீடியோவாகப் பதிவுசெய்ய உதவும் கேப்சர் கார்டில் இணைத்ததும் கணினியில் கறுப்புத் திரைதான் தெரிகிறது என்றால், கார்டு பழுதென்று கடைக்கு ஓட வேண்டாம். பெரும்பாலும் காரணம் எச்டிசிபி என்ற நகல் தடுப்பு. செட்டிங்ஸ், சிஸ்டம், எச்டிஎம்ஐ என்று போய் அதை அணைத்தால் படம் வந்துவிடும். அணைத்திருக்கும்வரை நெட்ஃபிளிக்ஸ் போன்ற செயலிகள் ஓடாது. பதிவு முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போடுங்கள். கன்சோலின் கேபிள் கார்டின் ‘இன்’ துளைக்குத்தான் போக வேண்டும், ‘அவுட்’ டிவிக்கு. ஆடும்போது டிவியையே பாருங்கள். கணினித் திரையில் படம் சற்றுப் பிந்தித்தான் வரும், அடி தவறும்.

கார்டு இல்லாதவர்கள் கன்ட்ரோலரில் உள்ள கிரியேட் பொத்தானை இருமுறை தட்டினாலே சற்றுமுன் ஆடியது சேமிக்கப்படும். அதிகபட்சம் 60 நிமிடம்.

இந்தப் பதிவுகள் வெறும் பொழுதுபோக்கல்ல. ‘சைபர்பங்க் 2077’ என்ற ஆட்டம் 2020-ல் மூன்று முறை தள்ளிப்போய் டிசம்பர் 10-ல் வந்தது. அதற்குமுன் விமர்சகர்கள் கையில் கிடைத்தது கணினிப் பதிப்பு மட்டுமே. பழைய கன்சோல்களில் அது திணறியதை வாங்கியவர்களின் பதிவுகளே ஊருக்குக் காட்டின. ஒரு வாரத்தில் பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனி தன் இணையக் கடையிலிருந்தே அதை நீக்கியது. எனவே இன்னும் வெளிவராத ஆட்டத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள். உங்களிடமுள்ள அதே கன்சோலில் எடுத்த பதிவைப் பார்த்தபின் வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்